மேல்காற்று மாதங்களில் வீட்டுப் பக்கத்துப் பறவைகளைப் படமெடுப்பது எப்படி

கத்திரி வெயில் முடிந்து மேல்காற்று எழுந்ததும் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் பறவைப் படம் எடுக்கிறவர்கள் பலர் கேமராவை உறையில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். கூந்தன்குளம் சரணாலயத்தில் பறவைக் கூட்டம் கலைகிறது, வலசை வந்தவை வடக்கே போய்விட்டன, வெளியே நின்றால் கண்ணில் மண் விழுகிறது, இனிமேல் கார்த்திகைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடே இல்லை. வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி முடிகிறவரை, எங்கேயும் பயணம் போகாமல், வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்ளேயே நல்ல படங்கள் எடுக்க முடியும். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து நிற்கத் தெரிந்தால் போதும். அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

பறவை இறங்கும்போதும் எழும்பும்போதும் காற்றை எதிர்த்துத்தான் செய்யும். உட்கார்ந்திருக்கும்போதும் காற்று வருகிற பக்கம் முகத்தை வைத்துத்தான் இருக்கும், இல்லாவிட்டால் பின்னாலிருந்து அடிக்கும் காற்று இறகைத் தூக்கிவிடும். செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் இந்தப் பருவக் காற்று நமக்கு மேற்கிலிருந்து வருகிறது. சாயங்காலம் சூரியனும் மேற்கில். அப்போது நீங்கள் மேற்குப் பக்கமாகப் போய், காற்றும் வெயிலும் முதுகில் படும்படி கிழக்கே பார்த்து நின்றால், இறங்குகிற ஒவ்வொரு கொக்கும் உங்கள் முகத்தைப் பார்த்தபடி, முகத்தில் வெளிச்சத்தோடு, சிறகை விரித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும். எதிர்காற்றில் அதன் வேகம் பாதியாகக் குறைகிறபோது உங்கள் ஃபோகஸுக்கும் நேரம் கிடைக்கும். காலையில் இது தலைகீழ். வெளிச்சம் கிழக்கே, பறவையின் முகம் மேற்கே, அதனால் வெளிச்சத்துக்கு ஏற்ப நின்றால் வால்தான் அகப்படும். ஆக, பறக்கிற படத்துக்குச் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை வரை. காலையில் பெரும்பாலும் காற்று தணிந்திருக்கும் என்பதால் அந்த நேரத்தை உட்கார்ந்திருக்கிற பறவைக்கும், ஓணான், தட்டான், வண்ணத்துப்பூச்சி மாதிரி இலையோடு சேர்ந்து ஆடுகிற ஜீவன்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இது நம் ஊர்க் குளங்களோடு அழகாகப் பொருந்துகிறது. நிலம் மேற்கே மலையிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிவதால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்கில்தான் இருக்கும், தண்ணீர் தேங்கும் உட்பகுதியான உள்வாய் மேற்கே விரிந்து கிடக்கும். காலையில் கரையில் நின்று உள்ளே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகில். சாயங்காலம் அதே கரையில் நின்றால் எல்லாம் கருப்பு நிழலாகத்தான் விழும், அதனால் வண்டியைச் சுற்றிக்கொண்டு உள்வாய்ப் பக்கம் போய்விட வேண்டும். உங்கள் ஊர்க் குளத்துக் கரை வளைந்து வடக்கேயோ தெற்கேயோ இருந்தால் ஒருநாள் கேமரா இல்லாமல் போய் எந்த நேரத்தில் எங்கே நிழல் விழுகிறது என்று பார்த்து வாருங்கள், அந்த ஒரு நடை வருஷம் முழுக்க உதவும். உள்வாயில் நடக்கும்போது ஒரு எச்சரிக்கை: மேலே வெடித்துக் காய்ந்த கரம்பையாகத் தெரியும், உள்ளே சேறு இருக்கும். ஆடு மாடு நடந்த தடத்திலேயே போங்கள்.

எந்தக் குளம் என்றால், பக்கத்தில் இருக்கிற குளம். டவுனில் இருப்பவர்களுக்கு நயினார்குளம், புதிய பஸ் நிலையம் பக்கம் இருப்பவர்களுக்கு வேய்ந்தான்குளம், இப்படி ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். கூந்தன்குளம் 1994-ல் சரணாலயமான இடம், ஊருக்குள் வீட்டு மரத்திலேயே பறவை கூடு கட்டுகிற ஊர், அதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போய் எடுக்கிற படத்தைவிட, வாரம் நான்கு நாள் போகிற சொந்தக் குளத்தில் எடுக்கிற படம் நன்றாக வரும் என்று உறுதியாகச் சொல்வேன். எந்தக் கல்லில் மீன்கொத்தி உட்காரும், எந்தப் பக்கமிருந்து நாரை வரும் என்பதெல்லாம் அடிக்கடி போனால்தான் பிடிபடும்.

கோடைக் கடைசியில் குளம் வற்றி, ஆழமான பள்ளமாகிய கசத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மீன் முழுக்க அதற்குள் வந்து சேர்ந்துவிடுவதால் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கொக்கு எல்லாம் ஒரே இடத்தில் நெருங்கி நிற்கும், மேலே செம்பருந்து வட்டமிடும். கூந்தன்குளத்தில் அந்த வருஷம் பொரித்து வளர்ந்த குஞ்சுகளும் ஆனி மாதவாக்கில் சுற்றுவட்டாரக் குளங்களுக்குச் சிதறி வரும். மஞ்சள் மூக்கு நாரையின் இளசு மங்கிய பழுப்பாக, வாலருகே அந்த ரோஸ் நிறம் இல்லாமல் இருக்கும், வேறு பறவை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கசத்தைச் சுற்றி நடக்காதீர்கள். ஒரு இடத்தில், நீர் விளிம்பிலிருந்து தள்ளி, உள்வாயில் நிற்கும் கருவேல மரத்தை ஒட்டி, உட்கார்ந்துவிடுங்கள். முதல் இருபது நிமிஷம் பறவைகள் எல்லாம் எதிர்ப்பக்கக் கரைக்குப் போய்விடும். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். நின்றுகொண்டிருந்தால் வராது, உட்கார்ந்தால் வரும், இதில் சந்தேகமே வேண்டாம். உட்காரும்போது படமும் நன்றாக அமையும், ஏனென்றால் கேமரா பறவையின் கண் மட்டத்துக்கு வந்துவிடுகிறது, பின்னணியில் சேறு தெரியாமல் தூரத்துப் பனை வரிசை மங்கலாகத் தெரியும்.

அடுத்து வயல். பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 1-ஆம் தேதியையொட்டிக் கார் சாகுபடிக்குத் திறந்துவிடுவார்கள். கோடகன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் தண்ணீர் ஓட ஆரம்பித்து, வயலில் தண்ணீர் கட்டிச் சேறாக உழுகிற தொளி உழவு தொடங்கினால், அந்த நாட்களை விடவே கூடாது. இரும்புச் சக்கரம் போட்ட டிராக்டர் தொளியைப் புரட்டும்போது வெளிவருகிற புழுவுக்கும் தவளைக்கும் உண்ணிக்கொக்கு, மடையான், மைனா, கரிச்சான் எல்லாம் சக்கரத்துக்குப் பின்னாலேயே ஓடும். டிராக்டர் சத்தம் அவற்றுக்குப் பழகிப்போனது, வரப்பில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டுகொள்ளாது. உண்ணிக்கொக்கு தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு பூசியதுபோலவும், மடையான் முதுகில் கருஞ்சிவப்போடும் இருக்கிற இனப்பெருக்கக் கோலம் இந்த மாதங்களில்தான். வயல்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை: "அண்ணாச்சி, கொக்கு படம் எடுக்கணும், வரப்புல உக்காந்துக்கட்டுமா?" அவ்வளவுதான். பெரும்பாலும் எந்த வயலில் நாளை உழவு என்பதையும் அவரே சொல்லிவிடுவார். தண்ணீர் பாய்ச்சுகிறவர், ஆட்டுக்கிடை போடுகிறவர், குளத்தில் மீன் குத்தகை எடுத்தவர், இவர்களைவிடப் பறவை இருக்குமிடம் தெரிந்தவர் யாரும் இல்லை. எடுத்த படத்தை மறுநாள் அவர்களிடம் காட்டுங்கள், மனதாரச் சந்தோஷப்படுவார்கள்.

தூக்கணாங்குருவிக்கு என்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இந்தப் பருவத்தில் மிகப் பிடித்தது அதுதான். கிணற்றை ஒட்டிய பனை, தென்னை, உடைமரம் இவற்றில் ஆண்குருவி கூடு பின்னத் தொடங்கும். மேல்காற்று நேராக அடிக்காமலிருக்க மரத்தின் கிழக்குப் பக்கமாகத்தான் அதிகமும் கட்டும், அதாவது காலை வெயில் கூட்டின் மேல் நேராக விழும். கூடு பாதி முடிந்து தலைகீழ்க் கிண்ணம் மாதிரி தொங்கும் கட்டத்தில் பெண்குருவிகள் வந்து பார்வையிடும், ஆண்கள் சிறகடித்துக் கூப்பிடும், அந்தச் சில நாட்கள்தான் படத்துக்கு உகந்தவை. மஞ்சள் தலையோடு ஓலைக் கிழிசலை அலகில் இழுத்து வரும் படம் வேண்டுமானால் கூட்டைப் பார்க்காமல், அது கிழிக்கிற ஓலையைக் கண்டுபிடித்து அங்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். பெண் உள்ளே போய் அடை உட்கார்ந்தபின் தள்ளி வந்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் கூடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் தாண்டிப் படிக்க வேண்டாம். ஆள்காட்டி வெட்ட வெளியில், தரிசிலும் குளத்து உள்வாயிலும், கல்லுக்கு நடுவே கல் மாதிரி முட்டையிடும். வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கிற பறவை அது. நீங்கள் பக்கத்தில் நின்று லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்கிற பத்து நிமிஷம் அதற்குக் கூட்டுக்கு வர முடியாது, முட்டை வெயிலில் கிடக்கும், நீங்கள் எதையோ பார்க்கிறீர்கள் என்று காக்கையும் பார்த்துவிடும். தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் கூடு உங்கள் காலடிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தேடாதீர்கள். வந்த தடத்திலேயே, தரையைப் பார்த்துக்கொண்டு, திரும்பி விடுங்கள். கூட்டை மறைக்கிற கிளையை ஒடிப்பது, குஞ்சை எடுத்து வெளிச்சத்தில் வைப்பது, செல்போனில் பறவைக் குரலைப் போட்டு இழுப்பது, இதெல்லாம் செய்து எடுத்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்குப் பார்க்கப் பிடிக்காது. திருப்புடைமருதூரில் ஆற்றங்கரை மருத மரங்களிலும் கோயிலிலும் பறவைகள் நிம்மதியாக இருப்பதற்கு ஊர்க்காரர்கள்தான் காரணம், 2005-ல் அது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். நாமும் அந்த ஊர்க்காரர்களைப் போல நடந்துகொண்டால் போதும்.

வெளியே போக முடியாதவர்களுக்கு வீடே போதும். அகலமான மண் சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் ஒரு கல், பக்கத்தில் ஒரு காய்ந்த குச்சியை நட்டு வையுங்கள். பூனை பதுங்கும் செடியிலிருந்து தள்ளி, ஆனால் பறவை உடனே பறந்து ஏற ஒரு கிளை இருக்கிற இடமாக. தினமும் கழுவித் தண்ணீர் மாற்ற வேண்டும், கொசுவுக்காகவும் பறவைக்கு நோய் வராமலிருக்கவும். தவிட்டுக்குருவி கூட்டமாக வரும், கொண்டைக்குருவி, மைனா, குண்டுக்கரிச்சான், அணில் எல்லாம் நேரம் வைத்து வரும். சட்டிக்கு வருமுன் அந்தக் குச்சியில் ஒரு நொடி உட்காரும், படம் அங்கேதான். அறையில் லைட்டை அணைத்துவிட்டு, லென்ஸை ஜன்னல் கம்பிக்கு இடையில் ஒட்டி வைத்து எடுத்தால் உங்களை அவற்றுக்குத் தெரியாது. வீட்டில் வேம்பு இருந்தால் ஆனி ஆடியில் பழம் பழுக்கும், குயிலும் மைனாவும் கொண்டைக்குருவியும் காலை முழுக்க அதில்தான். பழத்தை அலகில் வைத்திருக்கும் பெண்குயில், அந்தப் புள்ளி உடம்போடு, அருமையான படம்.

கேமரா பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய டிஎஸ்எல்ஆரும் 300 மிமீ வரை போகிற லென்ஸும் இருந்தால் இங்கே சொன்னதில் பெரும்பகுதி முடியும். செல்போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் டிஜிட்டல் ஜூமைத் தொடாமல், கிட்ட வருகிறவற்றை எடுங்கள்: வேலியில் தலை சிவந்து உட்கார்ந்திருக்கும் ஆண் ஓணான், கால்வாய் ஓரத்துத் தட்டான், எருக்கம் பூவில் வெந்தய வரியன். தட்டான் எழும்பிப் போனாலும் அதே குச்சி நுனிக்குத் திரும்பி வரும், அதனால் துரத்தாமல் குச்சிக்குப் பக்கத்தில் காத்திருக்கலாம். பஞ்சுருட்டானும் அப்படித்தான், பூச்சியைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய கிளைக்கே வந்து உட்கார்ந்து, அதைக் கிளையில் அடித்துக் கொன்று தின்னும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு முதலில் இந்தக் குருவியைத்தான் சொல்வேன்.

அமைப்புகளில் காற்றுக் காலத்துக்கு ஒரே விதி, ஷட்டர் வேகத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பறவை அசையாமல் இருந்தாலும் கிளை ஆடுகிறது, உங்கள் லென்ஸும் ஆடுகிறது, அதனால் உட்கார்ந்த பறவைக்கே 1/800 நொடி, பறப்பதற்கு 1/2000 நொடி. கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் போட்டு உச்சவரம்பு 3200 வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ கூடிப் புள்ளி விழுந்த படத்தை ஓரளவு சரிசெய்யலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸைத் தொடர் முறையில் வைத்து, ஒரு புள்ளியைக் கண்ணில் நிறுத்துங்கள். வெள்ளைக் கொக்கு வெயிலில் நின்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும்படி, குறையுங்கள், இல்லாவிட்டால் இறகு முழுக்கச் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். கரிச்சானும் நீர்க்காகமும் வெளிர்வானத்தின் முன் இருந்தால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். மலைப் பக்கம் சாரல் விழுகிற நாளில் நமக்கு இங்கே வெறும் மேகமூட்டம்தான் வரும், அந்த மென்மையான வெளிச்சத்தில் மயில், மீன்கொத்தி, பனங்காடை இவற்றின் நிறம் நன்றாக எழும்பும், மதியத்தில்கூட எடுக்கலாம். வெயில் நாளில் அது முடியாது. காலை எட்டரை ஒன்பதுக்கு மேல் தரை சூடாகி, காற்று அலையலையாக நெளியும். தூரத்தில் நிற்கும் நாரையை அந்த நெளிவு வழியாக எடுத்தால் எந்த லென்ஸாலும் கூர்மையாக வராது. லென்ஸில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன், அதே பறவையைக் காலை ஆறேகாலுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

காற்றில் முக்காலி உதவாது, ஆடிக்கொண்டே இருக்கும். பழைய தலையணை உறையில் பாதிக்கு மணலோ நெல்லோ போட்டுக் கட்டி, அதைக் கரைக் கல்லிலோ பைக் சீட்டிலோ வைத்து லென்ஸை அதன்மேல் கிடத்துங்கள். கார் இருந்தால் அதுவே மறைவிடம், எஞ்சினை அணைத்துவிட்டு ஜன்னல் விளிம்பில் இந்தப் பையை வைத்து எடுக்கலாம். நடந்து போனால் இருபது அடியில் பறந்துவிடும் பனங்காடை, வண்டிக்குள் இருந்தால் சலனமே இல்லாமல் கம்பியில் உட்கார்ந்திருக்கும்.

எங்கே கேமராவைத் திருப்பக் கூடாது என்பதும் முக்கியம். ஆற்றிலும் கால்வாயிலும் படித்துறைப் பக்கம் ஆட்கள் குளிக்கும் நேரத்தில் அந்தத் திசைக்கே பெரிய லென்ஸைக் காட்டாதீர்கள், மீன்கொத்தி அங்கேதான் உட்கார்ந்திருந்தாலும் சரி. விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது, கூடங்குளத்தில் அணுமின் நிலையம், அந்தச் சுற்றுப்புறங்களில் கேமராவை வெளியே எடுக்காமலிருப்பதே நல்லது. களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. தரிசிலும் பாறையிலும் உட்காருமுன் குச்சியால் தட்டிப் பாருங்கள், சுருட்டை விரியன் கல்லிடுக்கில் கிடக்கும். செருப்பு வேண்டாம், ஷூ.

இந்தப் பருவத்தில் லென்ஸுக்குப் பெரிய எதிரி மண்தான். வெளியில் லென்ஸ் கழற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதி, பிறகு மென்துணி, தோளில் கிடக்கும் துண்டால் துடைத்தால் மணல் கண்ணாடியில் கோடு கிழித்துவிடும். படங்களை அன்றைக்கே கணினியில் போட்டு, கண் கூர்மையாக இல்லாததை எல்லாம் தயங்காமல் அழித்துவிட்டு, மிச்சத்தில் தேதி, குளத்தின் பெயர், பறவையின் பெயர் எழுதி வையுங்கள். பறவைகளையும் உயிரினங்களையும் பதிவுசெய்யும் இணையதளங்களான ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் இரண்டும் இலவசம், அதில் ஏற்றினால் உங்கள் ஊர்க் குளத்துக்கு எப்போது எது வந்தது என்ற பதிவு நிற்கும். ஆவணி வாக்கில் நீர் விளிம்பில் வாலை ஆட்டிக்கொண்டு முதல் உள்ளான் வந்து இறங்கும், அந்தத் தேதியை வருஷா வருஷம் குறித்து வைப்பது நல்ல பழக்கம். கூட்டோடு இருக்கும் படத்தை மட்டும், குஞ்சுகள் பறந்து போகிறவரை, இடத்தின் பெயரோடு எங்கேயும் போடாதீர்கள்.